ஒரு பெட்டி வராவிட்டாலும்

ஜோத்பூர் விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வரும் பட்டை ஓடி நின்றபோது, எங்களுடன் வந்த பயணிகள் அனைவரும் வெளியேறிவிட்டிருந்தனர். நாங்கள் மூவர் மட்டும் நின்றிருந்தோம். மும்பையில் ஏற்றிய இரண்டு பெட்டிகளில் ஒன்று வந்திருந்தது. அதில் இருந்தவை ஸ்டாண்டுகள், குடைகள், துணிமணிகள். வராத பெட்டியில் இருந்தவை மூன்று விளக்குகள், அவற்றை இயக்கும் டிரிகர்கள், கேமரா பேட்டரிகளுக்கான சார்ஜர்கள் அனைத்தும். அன்று இரவு ஒரு வணிகக் குடும்பத்தின் திருமணம். படம் எடுக்க எங்களை அமர்த்தியிருந்தனர்.

திருமணத்தைப் படம் எடுத்தோம். கேமராக்கள் கையிலேயே இருந்தன. உள்ளூரில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் ஒருவரிடம் ஆலஜன் விளக்குகள் வாங்கி, விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் அவற்றின் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்தோம். அருகிலிருந்த ஸ்டூடியோக்காரர் தம் சார்ஜரைக் கொடுத்து உதவினார். அக்கினியைச் சுற்றி மணமக்கள் வலம் வந்த காட்சிகள் நன்றாகவே அமைந்தன.

ஆயினும் ஒரு படம் அமையவில்லை. சடங்குகள் முடிந்த பின்பு, நள்ளிரவுக்கு மேல், அந்தப் பழைய வீட்டு முற்றத்தில் ஏறத்தாழ அறுபது உறவினர்களையும் ஒன்றாக நிறுத்தி ஒரு குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்பது பாட்டியாரின் விருப்பம். அத்தனை பேருக்கும் சீராக ஒளி தர ஆலஜன் விளக்குகளால் இயலவில்லை. காலையில் வெயிலில் எடுத்துக்கொள்ளலாம் என்றனர். காலையில் பார்த்தபோது பாதிப் பேர் ரயிலேறிவிட்டிருந்தனர். பெட்டி இரண்டு நாள் கழித்து, ஒரு கீறலும் இல்லாமல், மும்பையில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. குடும்பத்தார் கடைசித் தவணைப் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டனர். அவர்கள் மேல் தவறில்லை. அந்த மாதம் வங்கித் தவணை கட்டுவதற்குக் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது.

அன்று நாங்கள் பெட்டியைத் தொலைத்துவிட்டதாகவே எண்ணினோம். பின்னர் அமர்ந்து யோசித்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. பெட்டி வராமல் போவது எங்கள் கையில் இல்லை. ஆனால் மூன்று விளக்குகளையும் எல்லாச் சார்ஜர்களையும் ஒரே பெட்டியில் வைத்தது எங்கள் கை. அதன் பின் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். கேமரா தூக்காத வாசகர்களுக்கும் இதில் பயன் இருக்கும் என நம்புகிறோம். தையல் பொறியோ, மருத்துவக் கருவியோ, இசைக் கருவியோ, பிழைப்புக்கான கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் செல்பவர் அனைவருக்கும் கவலை ஒன்றே.

வகை பிரிப்பதா, வேலை பிரிப்பதா?

சாமான் கட்டும்போது கைகள் இயல்பாகவே இனம் பார்த்து அடுக்கும். லென்ஸ் எல்லாம் ஒரு பையில், விளக்கு எல்லாம் ஒரு பெட்டியில், கம்பிகள் எல்லாம் ஓர் உறையில் என்று. வீட்டு அலமாரிக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். தேடுவது எளிது. பயணத்திற்கு இது பொருந்தாது. ஒரு பை போனால் ஓர் இனமே போய்விடுகிறது.

ஆகவே நாங்கள் இப்போது வேலை பார்த்து அடுக்குகிறோம். ஒவ்வொரு பையும் தனியாக நின்றாலும் ஒரு சிறு வேலையை முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே விதி. மூவர் தோளிலும் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு சிறிய பிளாஷ், நான்கு பேட்டரி, ஒரு சார்ஜர், சில மெமரி கார்டுகள் இருக்கும். மூவரில் ஒருவர் விமானத்தைத் தவறவிட்டாலும், இரண்டு பெட்டிகளும் வராமல் போனாலும், மீதமுள்ளதைக் கொண்டு ஒரு திருமணத்தையோ ஒரு தொழிற்சாலையையோ கண்ணியமாகப் படம் எடுத்துவிடலாம். பெரிய விளக்குகள் வந்து சேர்ந்தால் வேலை இன்னும் சிறக்கும். வராவிட்டால் வேலை நிற்காது.

இந்த விதியைக் கடைப்பிடித்த பின்பு சாமான் கூடிவிடும் என்று அஞ்சினோம். மாறாகக் குறைந்தது. 'ஒருவேளை தேவைப்படலாம்' என்று எடுத்துச் சென்றவை பலவும், தனித்து நிற்கும் பை என்னும் கணக்கில் இடம் பெறவில்லை. மூன்று பயணங்களில் ஒரு முறையேனும் பெட்டியை விட்டு வெளியே வராத பொருளை நான்காம் பயணத்திற்கு எடுத்துச் செல்வதில்லை.

ஏழு கிலோவின் கணக்கு

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி பெரும்பாலும் 7 கிலோ கைப்பையும் 15 கிலோ பெட்டியும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். கைப்பை ஒன்றுதான். நிறுவனத்துக்கு நிறுவனம், சீட்டுக்குச் சீட்டு மாறக்கூடும் என்பதால் சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்வது நலம். நாங்கள் மூவர் சென்றால் கையில் 21 கிலோ, அடியில் 45 கிலோ. இந்த எண்களை ஒரு வரவு செலவுத் திட்டம் போலவே நாங்கள் நடத்துகிறோம்.

ஒருவரின் பையை எடுத்து எடை போட்டுப் பார்ப்போம். வெறும் பை 1.6 கிலோ. லென்ஸ் பொருத்திய கேமரா ஒன்று 1.5 கிலோ. இரண்டாவது லென்ஸ் 1 கிலோ. சிறிய பிளாஷ் 450 கிராம். நான்கு பேட்டரிகள் 320 கிராம். சார்ஜர் 100 கிராம். மடிக்கணினி 1.4 கிலோ. கார்டுகள், வன்தட்டு, டிரிகர், துடைக்கும் துணி ஆகியவை 300 கிராம். மொத்தம் 6 கிலோ 670 கிராம். ஒரு தண்ணீர்ப் புட்டி வைத்தால் எல்லை தாண்டிவிடும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதியபோதுதான், எடையில் நான்கில் ஒரு பங்கு பைக்கே போவதைக் கவனித்தோம். தடித்த தோல் பைகளையும் சக்கரம் வைத்த பைகளையும் விட்டு, மெல்லிய முதுகுப் பைக்கு மாறினால் அரைக் கிலோவுக்கு மேல் மிஞ்சும். அது இன்னொரு லென்ஸுக்கு இடம். பெட்டிக்கும் இதே நியாயம். கடினமான பிளாஸ்டிக் பெட்டி, காலியாகவே ஐந்து முதல் ஏழு கிலோ இருக்கும். 15 கிலோவில் அதைக் கழித்தால் மிஞ்சுவது எட்டோ பத்தோதான். ஆதலால் உடையக்கூடிய விளக்குகளுக்கு மட்டும் கடினப் பெட்டி. ஸ்டாண்டு, டிரைபாட், குடை, சாஃப்ட்பாக்ஸ் ஆகியவை நீண்ட துணிப் பையில் செல்கின்றன. அவற்றைச் சுற்றி எங்கள் சட்டைகளும் துண்டுகளுமே பஞ்சு மெத்தை.

சாமான் கட்டி முடித்ததும் கொக்கித் தராசில் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, எடையைப் பையின் உள்ளே ஒட்டிய சீட்டில் குறித்துவிடுவோம். விமான நிலைய வரிசையில் பெட்டியைத் திறந்து பொருள்களை இடம் மாற்றும் அவமானம் பெரிது. அதைவிட அந்த அவசரத்தில் தவறான பொருள் தவறான பைக்குப் போய்விடுவது பெரிய கேடு. எங்கள் சார்ஜர்கள் அனைத்தும் அன்று ஒரே பெட்டிக்குள் போனது அப்படித்தான்.

பேட்டரி: படித்துத் தெரிய வேண்டிய எண்

லித்தியம் பேட்டரிகள் பழுதுபட்டால் தாமே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. விமானத்தின் அடியறையில் தீ மூண்டால் உடனே சென்று அணைக்க ஆளில்லை. பயணிகள் அறையில் நடந்தால் பணியாளர் கவனிக்க இயலும். இதனால்தான் கருவியில் பொருத்தப்படாத உதிரி பேட்டரிகளும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே செல்ல வேண்டும் என உலகெங்கும் விதி இருக்கிறது. அடியில் போகும் பெட்டியில் அவற்றை வைத்தால், சோதனையில் கண்டு பெட்டியையே நிறுத்திவைப்பார்கள்.

எவ்வளவு பெரிய பேட்டரி கொண்டு செல்லலாம் என்பதை அதன் வாட்-மணி அளவு தீர்மானிக்கிறது. பெரும்பாலும் பேட்டரி மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லையெனில் வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு கேமரா பேட்டரி 16.4 வாட்-மணி. இது மிகச் சிறியது. வீடியோ விளக்குகளுக்குப் பயன்படும் பெரிய செங்கல் போன்ற பேட்டரிகளில்தான் கவனம் வேண்டும். 14.4 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் 95 வாட்-மணி. 100க்கு உட்பட்டது, அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே 14.4 வோல்ட்டில் 10.2 ஆம்பியர்-மணி என்றால் 147 வாட்-மணி. 100 முதல் 160 வரை உள்ளவற்றை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, ஒருவருக்கு உதிரியாக இரண்டு மட்டுமே கொண்டு செல்லலாம். 160க்கு மேற்பட்டவற்றைப் பயணி தம்முடன் எடுத்துச் செல்லவே இயலாது.

எனவே பெரிய பேட்டரி ஒன்றை வாங்குவதைவிட, 100க்கு உட்பட்ட இரண்டை வாங்குவதே பயணத் தொழிலுக்கு உகந்தது. விலை சற்றுக் கூடினாலும் வாசலில் பறிகொடுக்கும் அச்சம் இல்லை. ஒவ்வொரு பேட்டரியின் உலோக முனைகளையும் அதற்குரிய மூடியாலோ ஒட்டு நாடாவாலோ மறைத்து, தனித்தனிச் சிறு உறைகளில் இடுகிறோம். சாவிக் கொத்தோ நாணயமோ இரண்டு முனைகளையும் தொட்டால் ஆபத்து. நிரப்பியவற்றை முனை மேல்நோக்கியும் தீர்ந்தவற்றை முனை கீழ்நோக்கியும் வைப்பது எங்கள் பழக்கம். இருட்டிலும் விரல் தடவித் தெரிந்துகொள்ளலாம். பொருத்திய பேட்டரியோடு விளக்கு அடியில் செல்ல நேர்ந்தால், முழுதும் அணைத்து, பயணத்தில் பொத்தான் தானாக அழுந்தாதபடி காக்க வேண்டும். நாங்கள் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதையே விரும்புகிறோம்.

விளக்கைக் கட்டும் முறை

பிளாஷ் விளக்கின் முன்புறக் கண்ணாடிக் குழல் மிக மென்மையானது. அதற்கென வரும் மூடியை எறிந்துவிடுவோர் பலர். அதுவே முதல் காவல். மூடி இல்லையெனில், விளக்கின் வாயளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பொருத்திக் கட்டலாம். பெட்டியின் பஞ்சில் விளக்கைப் படுக்கவைக்கும்போது குழல் பக்கம் பெட்டியின் ஓரத்தைப் பார்க்காமல் நடுப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். பெட்டி விழும்போது அடி வாங்குவது ஓரங்களே. விளக்குகளுக்கு இடையில் இரண்டு விரல் அகலப் பஞ்சு இருந்தால் போதும். பெட்டியைக் குலுக்கினால் ஒலி கேட்கக் கூடாது என்பதே சோதனை.

கனமானவற்றைத் தூக்கிச் செல்லாதிருப்பதும் ஒரு திறமை. ஸ்டாண்டு சாயாமல் இருக்க வைக்கும் மணல் பைகளை வெறும் பைகளாகவே கொண்டு செல்கிறோம். ராஜஸ்தானில் மணலும், கோவாவில் கடற்கரையும், எதுவும் கிடைக்காத ஊரில் தண்ணீர்ப் புட்டிகளும் அவற்றை நிரப்பும். மும்பை, தில்லி, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா போன்ற நகரங்களில் கனத்த இரும்பு ஸ்டாண்டுகளும் பெரிய விளக்குகளும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். கூடுதல் எடைக்கு விமானத்தில் கட்டும் தொகையையும் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்கிறோம். சிறு நகரங்களில் அந்த வசதியை நம்ப இயலாது.

ரயிலில் செல்லும்போது

தூரம் ஓரிரவுக்குள் அடங்குமானால் ரயிலே எங்கள் விருப்பம். ஏசி முதல் வகுப்பில் 70 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். பெட்டியின் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்திற்குள் இருக்க வேண்டும். பெட்டி நம் கண் முன்னேயே இருக்கும் என்பதே ரயிலின் பெரிய நன்மை.

அதுவே கவலையும் ஆகும். கீழ்ப் படுக்கையின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலியிட்டுப் பூட்டுகிறோம். கேமரா பை தலையணையாகிவிடும். மூவரில் ஒருவர் விழித்திருப்பது என்று முறை வைத்துக்கொள்கிறோம். பையின் வெளித்தோற்றமும் முக்கியம். கேமரா நிறுவனத்தின் பெயர் பொறித்த பை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தண்டோரா போடுகிறது. எங்கள் விலையுயர்ந்த லென்ஸ்கள் இருக்கும் பை, பள்ளிப் பிள்ளையின் பை போலவே இருக்கும்.

ஈரம், குளிர், தூசி

இந்தியாவில் ஒரே வாரத்தில் மூன்று பருவங்களைக் கடக்க நேரும். ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த கேமராவைக் கொச்சியின் காலைக் காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் நீராவி படியும். காஷ்மீரின் குளிரிலிருந்து கணப்பு வைத்த அறைக்குள் நுழைந்தாலும் அதுவே நிகழும். குளிர்ந்த கண்ணாடி வெப்பமான ஈரக் காற்றைத் தொடுவதே காரணம். பையை மூடியபடியே புதிய இடத்தில் அரைமணி அல்லது ஒரு மணி நேரம் வைத்திருந்தால் கருவி மெல்ல அந்த வெப்பத்திற்கு வந்துவிடும். அவசரமானால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு உள்ளே கொண்டுவரலாம். நீர் உறையின் மேல் படியும், கண்ணாடியின் மேல் படியாது.

மழைக்காலப் பயணத்திலிருந்து திரும்பிய பையை மூடியே வைத்துவிட்டால் லென்ஸின் உள்ளே பூஞ்சை படரும். இது மழைக்கால மும்பையில் எங்களுக்குக் கிடைத்த அனுபவம். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எப்போதும் இருக்கும். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படாத ஒரு தனிப் பாத்திரத்தில் மிதமாகச் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். வீட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டிற்குள் இருக்கும்படி ஒரு மூடிய பெட்டியும் ஓர் அளவுமானியும் போதும். தார்ப் பாலைவனத்திலோ, கவலை தூசி பற்றியது. அங்கே வெட்ட வெளியில் லென்ஸ் மாற்றுவதில்லை. இரண்டு கேமராக்களில் இரண்டு லென்ஸ்களைப் பொருத்திக்கொண்டே கிளம்புகிறோம்.

காகிதமும் ஒரு கருவியே

எங்கள் முதல் கேமராவும் விளக்குகளும் வங்கிக் கடனில் வாங்கியவை. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டம் எங்களைப் போன்ற சிறு தொழில் செய்வோருக்கானது. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என அதன் படிகள் அமைந்தன. இத்தகைய கடன்களில் வாங்கும் கருவி ஹைப்பாதிகேஷன் என்னும் முறையில் வங்கிக்குப் பிணையாக இருக்கும். கருவி நம் கையில். அதன் மேல் வங்கிக்கும் உரிமை உண்டு. அது தொலைந்தால் தவணை தொலைவதில்லை. இந்த எளிய உண்மையை நாங்கள் ஜோத்பூரில் இருந்து திரும்பிய மாதத்தில்தான் உணர்ந்தோம்.

கடை அல்லது வீட்டு முகவரிக்கு எடுத்த தீ, திருட்டுக் காப்பீடு, அந்த முகவரியைத் தாண்டிய கருவிகளைப் பெரும்பாலும் காப்பதில்லை. ஊர் செல்லும் கருவிகளுக்கு, இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் 'ஆல் ரிஸ்க்' வகைக் காப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். ஆளில்லாமல் நிறுத்திய வண்டியில் வைத்த பொருள் திருடுபோனால் தருவார்களா, தேய்மானம் எவ்வளவு கழிப்பார்கள் என்ற இரண்டு வினாக்களுக்கும் கையொப்பமிடும் முன்பே விடை பெறுவது நலம். கடன் நிலுவையில் இருந்தால் பாலிசியில் வங்கியின் பெயரும் இடம்பெற வேண்டும்.

விமான நிறுவனம் ஈடு தருமே என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019 இல் வெளியான பயணிகள் உரிமைச் சாசனத்தின்படி, உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ தாமதமானாலோ சேதமுற்றாலோ ஒரு பயணிக்கு உரிய உச்சத் தொகை 20,000 ரூபாய். எங்கள் பெட்டியில் இருந்த ஒரு விளக்கின் விலைகூட அதைவிட அதிகம். பெட்டி வரவில்லையெனில் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் பதிந்து, அதன் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் எந்தக் கோரிக்கைக்கும் அந்தத் தாளே அடிப்படை.

கருவிகளின் பட்டியல் ஒன்றை ஓய்ந்த ஒரு மாலையில் எழுதிவிட்டோம். பொருளின் பெயர், வரிசை எண், வாங்கிய நாள், விலை, பில்லின் படம், கருவியின் படம். ஒரு பிரதி பெட்டியினுள், ஒன்று கைபேசியில், ஒன்று வீட்டில். திருட்டுப் புகாரானாலும் காப்பீட்டுக் கோரிக்கையானாலும் கேட்கும் முதல் வினா வரிசை எண்தான்.

வெளிநாடு செல்வோருக்கு இந்தப் பட்டியல் இன்னும் தேவை. புறப்படும்போது சுங்க அதிகாரியிடம் கருவிகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது 'இதை அங்கே வாங்கினீர்களா' என்ற கேள்விக்கு இடமில்லை. பெரிய அளவில் கருவிகளோடு செல்வோர் ஏ.டி.ஏ. கார்னெட் என்னும் ஆவணத்தைப் பெறலாம். இந்தியாவில் இதை ஃபிக்கி அமைப்பு வழங்குகிறது. ஏற்றுக்கொள்ளும் நாடுகளுக்குள் கருவிகளைச் சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டு சென்று திருப்பிக் கொண்டுவர இது உதவும். ஓராண்டு வரை செல்லும்.

திரும்பும் வழியில்

பொருள்கள் தொலைவது பெரும்பாலும் போகும் வழியில் அன்று, திரும்பும்போதுதான். வேலை முடிந்த களைப்பு, ரயிலுக்கான அவசரம், விடைபெறும் ஆரவாரம். சுவரில் செருகிய சார்ஜர் அங்கேயே நின்றுவிடும். ஆகையால் ஒவ்வொரு பையிலும் எத்தனை பொருள்கள் என்ற எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறோம். ஒருவர் எண்ண, மற்றவர் அடுக்குவார். எண்ணிக்கை சரியாகும் வரை வண்டியை அழைப்பதில்லை.

கருவியை மீண்டும் வாங்கலாம். எடுத்த படத்தை வாங்க இயலாது. எனவே அன்றன்று இரவே படங்களை இரண்டு வன்தட்டுகளில் பிரதி செய்கிறோம். கார்டுகளை ஊர் திரும்பும் வரை அழிப்பதில்லை. கார்டுகள் ஒருவர் சட்டைப்பையில், ஒரு வன்தட்டு இரண்டாமவர் பையில், மற்றொன்று மூன்றாமவர் பையில். மூன்றும் ஒரே வண்டியில் பயணித்தாலும் ஒரே பையில் பயணிப்பதில்லை. அடியில் போகும் பெட்டியில் எதுவும் இல்லை.

அண்மையில் அசாமில் ஒரு தேயிலைத் தோட்டத்திற்குப் பணி நிமித்தம் சென்றோம். கவுகாத்தியில் பட்டை ஓடி நின்றது. விளக்குப் பெட்டி வரவில்லை. புகாரை எழுதிக் கொடுத்து, எண்ணை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினோம். வழியில் நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மறுநாள் மாலை, தொழிற்கூடத்தின் வாசலில், பணியாளர்கள் எழுபது பேருக்கு மேல் வரிசையாக நின்றனர். மூவர் பையிலும் இருந்த மூன்று சிறிய பிளாஷ்களை ஸ்டாண்டுகளில் உயர்த்தி, அந்தி வெளிச்சம் மறைவதற்குள் படத்தை எடுத்து முடித்தோம். ஒருவர் முகமும் இருளில் இல்லை.

ஜோத்பூரில் எடுக்காத படம் இன்றும் எடுக்காததாகவே இருக்கிறது. அதற்கு ஈடில்லை. அந்தக் கடன் சென்ற ஆண்டு தீர்ந்துவிட்டது. பழைய விளக்குப் பெட்டி இன்னும் எங்களோடு பயணம் செய்கிறது. ஆனால் அது வந்து சேரும் என்று நம்பி நாங்கள் புறப்படுவதில்லை.

புறப்படும் முன் ஒரு முறை

ஒவ்வொரு பையும் தனித்து ஒரு வேலையை முடிக்குமா? எடை பார்த்துக் குறித்தாயிற்றா? உதிரி பேட்டரிகள் அனைத்தும், முனை மூடி, கைப்பையில் உள்ளனவா? வாட்-மணி எண் 100க்கு உட்பட்டதா? சார்ஜர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பைகளில் உள்ளனவா? கருவிப் பட்டியலின் பிரதி வீட்டில் இருக்கிறதா? காப்பீடு இந்தப் பயணத்திற்குச் செல்லுமா? இந்த ஏழு வினாக்களுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பலாம்.